ஏர் லைனில் தண்ணீர்: ஃபில்டர் போதுமா, ட்ரையர் வேண்டுமா, எந்த ட்ரையர்?

கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் காற்றில் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது ஸ்ப்ரே கன்னிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் அன்றைய வேலை போச்சு. காயவிட்டு, தேய்த்து, மறுபடி முதலிலிருந்து. அந்த எரிச்சலில் கடைக்குப் போய் "இருக்கிறதிலேயே நல்ல ஃபில்டரா ஒன்று கொடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஃபில்டர் இருந்த இடத்தில் 0.01 மைக்ரான் ஏறும். ஒரு வாரம் கழித்து அதே சொட்டு.

ஃபில்டரைத் திட்டிப் பயனில்லை. துளியாக மிதக்கும் தண்ணீரைத்தான் அது பிடிக்கும். ஆவியாகக் கலந்திருப்பது, துளை எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும், காற்றோடு காற்றாகக் கடந்துவிடும். கடந்த பிறகு குழாய் கொஞ்சம் குளிர்ந்தால் அங்கே மறுபடி துளியாகும். ஆகவே எந்த ஃபில்டர் என்று யோசிப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் காற்று எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் எல்லாத் தேர்வுகளும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் வருகின்றன.

ஒரு சின்னக் கணக்கு

நிமிடத்துக்கு 1 கன மீட்டர், அதாவது சுமார் 35 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 35 கன அடி) இழுக்கும் கம்ப்ரஸர் ஒன்று. வெளிக்காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அழுத்தம் வெளிக்காற்றுக்கு மேல் 7 பார் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் தண்ணீரை ஆவியாகத் தாங்கும். 70 சதவீதம் என்றால் 21 கிராம். எட்டு மணி நேரம் ஓடினால் 480 கன மீட்டர். மொத்தம் 10 லிட்டர் தண்ணீர் கம்ப்ரஸருக்குள் போகிறது.

7 பாருக்கு அழுத்தும்போது எட்டுப் பங்கு காற்று ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி. ஆனால் பிழியும் அதே நேரத்தில் காற்று கொதிக்கிறது. சூடான காற்று தண்ணீரை விடாது. ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் அது தாங்கும் ஆவி ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். டேங்கை விட்டு வெளியேறும் காற்று 40 டிகிரியில் இருந்தால் 10 லிட்டரில் 7 லிட்டர் டேங்கிலேயே விழுந்துவிடும். 3 லிட்டர் ஆவியாக லைனில் ஏறும். அதே காற்று 50 டிகிரியில் வெளியேறினால் லைனில் ஏறுவது 5 லிட்டருக்கு மேல். பத்து டிகிரிக்கு இரண்டு லிட்டர் வித்தியாசம், ஒரே ஷிஃப்டில்.

40 டிகிரியில் கிளம்பியது குழாயில் போகப் போக 30 டிகிரிக்கு இறங்கினால் ஒரு லிட்டருக்கு மேல் குழாய்க்குள்ளேயே தண்ணீராகும். கன்னில் தெறிப்பது அதுதான். இதே காற்றை 3 டிகிரிக்குக் குளிர்வித்துத் தண்ணீரைப் பிரித்துவிட்டால் மீதமிருப்பது ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. −40 டிகிரிப் பனிநிலைக்கு உலர்த்தினால் ஐந்தாறு கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ட்ரையர்களுக்கு, அதாவது காற்றை உலர்த்தும் இயந்திரங்களுக்கு, இடையே உள்ள போட்டி முழுக்க இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான்.

பனிநிலை என்பது கேட்டலாக்கில் "ட்யூ பாயிண்ட்" என்று இருக்கும். எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் காற்றிலிருந்து தண்ணீர் பிரியுமோ அது. அழுத்தத்தில் இருக்கும் காற்றின் பனிநிலையும், அதே காற்றை வெளியே விட்ட பிறகு இருக்கும் பனிநிலையும் வேறு வேறு. 7 பாரில் +3 டிகிரி என்பது வெளியே விட்டால் கிட்டத்தட்ட −22 டிகிரி ஆகிவிடும். விற்பவர் "எங்க ட்ரையர் மைனஸ் இருபது கொடுக்கும்" என்றால், அழுத்தத்திலா, வெளியிலா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பாதிப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ட்ரையர் இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்

நிறையவே போகலாம். ஆனால் விற்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லாததால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கம்ப்ரஸருக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு ஆஃப்டர்கூலர், அதாவது ஃபேன் வைத்த ரேடியேட்டர் போன்ற ஒன்று, இருந்தால் காற்று அறையின் வெப்பத்தைவிட 8, 10 டிகிரி மட்டுமே அதிகமாக இருக்கும் நிலைக்கு வந்துவிடும். பெரும்பாலான ஸ்க்ரூ கம்ப்ரஸர்களில் உள்ளேயே இருக்கிறது. பிஸ்டன் கம்ப்ரஸர்களில், குறிப்பாகச் சின்னவற்றில், ஹெட்டிலிருந்து டேங்குக்குப் போகும் ஒரு துண்டுச் செம்புக் குழாய்தான் கூலர். டேங்க் நிற்கும் இடம் காற்றோட்டம் இல்லாத மூலையாக இருந்தால் அந்தக் குழாயும் கைவிட்டுவிடும். கம்ப்ரஸர் தன் சூட்டைத் தானே மறுபடி இழுக்கும். மூலையிலிருந்து இழுத்துச் சுவரோரமாக, ஜன்னலுக்கு அருகில் வைப்பதற்குச் செலவே இல்லை. அதில் இறங்கும் பத்து டிகிரிக்கு என்ன மதிப்பு என்று மேலே பார்த்தோம்.

அடுத்தது குழாய். மெயின் லைன் நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் சாய்வாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் மெயின் லைனின் மேல்பக்கத்திலிருந்து வளைந்து இறங்க வேண்டும். தாழ்ந்த முனையில் ஒரு தொங்கு குழாயும் அதன் அடியில் வால்வும். கிளையைக் கீழ்ப்பக்கத்திலிருந்து எடுத்தால் குழாயில் ஓடும் தண்ணீர் முழுக்க முதல் கிளைக்குப் போகும். பல பட்டறைகளில் தண்ணீர்ப் பிரச்சினை என்று சொல்லப்படுவது இந்த ஒரு பிளம்பிங் பிழைதான். வேலை செய்யும் இடத்தில் வாட்டர் ட்ராப்பை வைப்பதாக இருந்தால் கம்ப்ரஸரிலிருந்து எவ்வளவு தொலைவோ அவ்வளவு நல்லது. குழாயிலேயே குளிர்ந்து துளியான தண்ணீர்தான் அதில் சிக்கும். டேங்கின் வாயிலேயே ஃபில்டரை மாட்டுவது பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது.

குழாய் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பி.வி.சி. குழாயை அழுத்தக் காற்றுக்குப் போடாதீர்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் ஒழுகும். காற்றுக் குழாய் உடைந்தால் சில்லுகளாக வெடித்துப் பறக்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் தாங்கும், ஆனால் ஈரக் காற்றில் உள்ளே துருப்பிடித்துத் தூள் உதிர்க்கும். செம்பு, அலுமினியம் இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

டயருக்குக் காற்று, இம்பேக்ட் ரென்ச், ஊதித் துடைக்கும் ஏர் கன், சாதாரண நியூமேட்டிக் சிலிண்டர் என்று நிற்கும் பட்டறைக்கு ஆஃப்டர்கூலர், ஒழுங்கான குழாய், முனையில் 5 மைக்ரான் ஃபில்டர், ரெகுலேட்டர், தேவைப்பட்டால் காற்றில் எண்ணெய் கலந்து அனுப்பும் லூப்ரிகேட்டர். இவ்வளவே போதும். இதற்கு ட்ரையர் வாங்குவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவசியமும் இல்லை. லூப்ரிகேட்டர் வைத்த கிளையில் ஒருநாளும் ஸ்ப்ரே கன் மாட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஹோஸில் படிந்த எண்ணெய் மாதக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். ஹோஸுக்கு வேறு நிறம் கொடுத்துவிடுவது சுலபமான வழி.

ஃப்ரிட்ஜ் ட்ரையரா, டெசிகன்ட் ட்ரையரா

இங்கேதான் உண்மையான முடிவு.

ரெஃப்ரிஜிரேட்டட் ட்ரையர் செய்வது வீட்டு ஃப்ரிட்ஜின் வேலைதான். காற்றை 3 டிகிரி வரை குளிர்வித்து, பிரிந்த தண்ணீரை வெளியேற்றி, வெளியே போகும் குளிர்ந்த காற்றை உள்ளே வரும் சூடான காற்றால் மறுபடி வெதுவெதுப்பாக்கி அனுப்பும். 3 டிகிரிக்குக் கீழே போக முடியாது. போனால் உள்ளே பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். மின்சாரம் அதிகம் தின்னாது. ஒரு நாள் ட்ரிப் ஆகி நின்றாலும் காற்று வந்துகொண்டிருக்கும், ஈரமாக.

டெசிகன்ட் ட்ரையரில் இரண்டு கோபுரங்கள். ஒன்றில் இருக்கும் அலுமினா அல்லது சிலிகா ஜெல் மணிகள் ஈரத்தை உறிஞ்சும்போது இன்னொன்று காய்ந்துகொண்டிருக்கும். சில நிமிடங்களில் இடம் மாறும். −40 டிகிரி எளிதாக வரும். மாலிக்யுலர் சீவ் மணிகள் போட்டு −70 வரைகூடப் போகிறார்கள். அந்தக் காய வைக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம். ஹீட்டர் இல்லாத வகை, ஏற்கெனவே உலர்த்திய காற்றிலேயே சுமார் 15 சதவீதத்தை எடுத்து மணிகள் வழியே ஊதி வெளியே தள்ளிவிடுகிறது. நம் 1 கன மீட்டர் கம்ப்ரஸரில் நிமிடத்துக்கு 150 லிட்டர். அந்த அளவு காற்றை 7 பாருக்கு அழுத்த ஏறத்தாழ 1 கிலோவாட் ஆகும். அதே அளவுக்கான ஃப்ரிட்ஜ் ட்ரையர் கால் கிலோவாட்டை ஒட்டித்தான் இழுக்கும்.

இதைவிட மோசமான செய்தி ஒன்று உண்டு. 15 சதவீதம் என்பது நீங்கள் பயன்படுத்தும் காற்றில் அல்ல, ட்ரையரின் முழுக் கொள்ளளவில். பட்டறை பாதி வேகத்தில் ஓடும் நாளில் அது உங்கள் காற்றில் 30 சதவீதம் ஆகிறது. பனிநிலையை அளந்து, மணிகள் நனைந்தால் மட்டும் கோபுரத்தை மாற்றும் கன்ட்ரோல் இருந்தால் இந்த வீண் வெகுவாகக் குறையும். ஹீட்டர் வைத்தவை, தனி ப்ளோயர் வைத்தவை என்று மேலும் வகைகள் உண்டு. அவற்றில் காற்று இழப்பு குறைவு, இயந்திரம் பெரிது. சின்னப் பட்டறைக்கு அவை பொருந்தாது.

ஆக, எல்லாக் காற்றையும் −40க்கு உலர்த்துவது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. எப்போது அது நியாயம்? குழாய் வெட்டவெளியில் உறைகுளிர் வழியே போகிறதென்றால் வேறு வழியில்லை. 3 டிகிரிப் பனிநிலைக் காற்று அங்கே குழாய்க்குள் பனிக்கட்டியாகும். பொடியைக் குழாயில் ஊதி நகர்த்தும் இடம், ஈரம் பட்டால் கெடும் மருந்து, மின்னணுப் பொருள்கள் என்றாலும் சரி. மற்ற எந்த இடத்திலும் நான் முதலில் ஃப்ரிட்ஜ் ட்ரையரைத்தான் பார்ப்பேன். கை விதி இதுதான்: குழாய் எங்கே மிகவும் குளிர்ந்திருக்குமோ, அந்த வெப்பத்தைவிடப் பனிநிலை 10 டிகிரி கீழே இருந்தால் போதும்.

ஃப்ரிட்ஜ் ட்ரையர் வாங்கியும் தண்ணீர் வருகிறது என்று புலம்புபவர்கள் உண்டு. பெரும்பாலும் அளவில் ஏமாந்திருப்பார்கள். பெயர்ப்பலகையில் இருக்கும் கொள்ளளவு ஐ.எஸ்.ஓ. 7183 தரத்தின்படி, உள்ளே வரும் காற்று 35 டிகிரி, சுற்றுப்புறம் 25 டிகிரி, 7 பார் என்ற நிலைக்கானது. பிஸ்டன் கம்ப்ரஸரிலிருந்து 45 டிகிரியில் காற்று வந்தால் அதே ட்ரையர் தயாரிப்பாளரைப் பொறுத்துக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குதான் தாங்கும். அறையும் 40 டிகிரியில் வெந்துகொண்டிருந்தால் இன்னும் குறையும். கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தில் இதற்கான திருத்த எண்களின் அட்டவணை இருக்கும். அதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. சந்தேகம் என்றால் ஒரு சைஸ் மேலே போங்கள். டேங்கை ட்ரையருக்கு முன்னால் வைத்தால் காற்று அங்கே கொஞ்சம் ஆறித் தண்ணீரை உதறிவிட்டு வரும். திடீரென்று நிறையக் காற்று கேட்கும் மெஷின் இருந்தால் ட்ரையருக்குப் பின்னால் இரண்டாவது டேங்க் ஒன்று வைத்து உலர்ந்த காற்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மெம்ப்ரேன் ட்ரையர் என்று ஒன்று உண்டு. நுண்ணிய இழைக் குழாய்கள் வழியே ஈரம் மட்டும் வெளியே கசியும். மின்சாரம் வேண்டாம், சத்தமில்லை. இதுவும் காற்றில் ஒரு பங்கைச் செலவழிக்கும், எண்ணெய் பட்டால் பாழ். ஒரே ஒரு கருவிக்கு, ஓரமாக மாட்ட நல்லது. உப்பு வில்லைகள் கரைந்து ஈரம் எடுக்கும் ட்ரையரும் இருக்கிறது. அடிக்கடி வில்லை போட்டு, அரிக்கும் உப்புத் தண்ணீரை வடித்துக்கொண்டிருக்கப் பொறுமை இருப்பவர்களுக்கு.

கன்னுக்குப் பக்கத்தில் மாட்டும் ஒரு கிலோ சிலிகா ஜெல் டப்பா? அதற்கும் கணக்குப் போட்டுவிடலாம். நிமிடத்துக்கு 300 லிட்டர் இழுக்கும் ஸ்ப்ரே கன், 30 டிகிரியில் ஈரம் நிறைந்த லைன் காற்று என்றால் நிமிடத்துக்கு ஒரு கிராமுக்கு மேல் தண்ணீர் வருகிறது. ஒரு கிலோ மணிகள் 150 கிராம் உறிஞ்சும் என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தது. ஃப்ரிட்ஜ் ட்ரையருக்குப் பின்னால் மாட்டினால் வரும் நீர் ஐந்து மடங்கு குறைவு. அப்போது அந்த டப்பா பத்து மணி நேரம் போல நிற்கும். மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் பெயின்ட் அடிப்பவருக்கு, குளிர்ந்த குழாயும் இந்த டப்பாவும் போதும்; தினமும் அடிப்பவர் டப்பாவை நம்பினால் மணிகளை அடுப்பில் காயவைப்பதே தனி வேலையாகிவிடும். நிறம் மாறும் மணிகளில் நீலம் இளஞ்சிவப்பாக மாறுவது கோபால்ட் குளோரைடால். அது உடலுக்குக் கேடு. ஆரஞ்சு நிறம் பச்சையாகும் வகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

எண்ணெய்

தண்ணீரைப் போலவே எண்ணெயும் இரண்டு வேடத்தில் வரும். மூடுபனி போன்ற நுண்துளிகளைக் கோலசிங் ஃபில்டர் பிடிக்கும். இதில் காற்று எலிமென்டின், அதாவது ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் குழலின், உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் போகும். துளிகள் இழைகளில் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிக் கீழே வடியும். நல்ல நிலையில் இருக்கும் ஸ்க்ரூ கம்ப்ரஸர் கன மீட்டருக்குச் சில மில்லிகிராம் எண்ணெய் விடும். ரிங் தேய்ந்த பிஸ்டன் எவ்வளவு விடும் என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. நுண்ணிய கோலசிங் எலிமென்ட் இதை 0.01 மில்லிகிராமுக்குக் கொண்டுவரும் என்று எழுதியிருப்பார்கள். அது குளிர்ந்த காற்றில், துளிகளுக்கு மட்டும். ஆவியான எண்ணெய்க்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். கார்பனில் துளி எண்ணெயோ தண்ணீரோ பட்டால் உடனே செத்துவிடும், ஆகவே அது எப்போதும் கடைசியில்.

வரிசையில் தவறு செய்தால் விலையுயர்ந்த எலிமென்டும் வீண். ஃப்ரிட்ஜ் ட்ரையர் என்றால் முன்னால் ஒரு சாதாரண 1 மைக்ரான், குளிர்ந்த பிறகு பின்னால் 0.01 மைக்ரான். டெசிகன்ட் என்றால் தலைகீழ்: நுண்ணிய கோலசிங் முன்னால், ஏனென்றால் எண்ணெய் படிந்த மணிகள் மறுபடி உயிர் பெறாது, மணிகள் உதிர்க்கும் தூளைப் பிடிக்கத் தூசி ஃபில்டர் பின்னால்.

எண்ணெயில்லாக் கம்ப்ரஸர் வாங்கிவிட்டால் இத்தனை பாடு வேண்டாமே என்று தோன்றும். உணவு, மருந்து, பல் மருத்துவம் போன்ற இடங்களில் அந்தத் தோன்றல் சரி. ஒரு எலிமென்ட் கிழிந்தால் பொருள் கெடும் என்ற பயமே இல்லை. ஆனால் காற்று தானாகச் சுத்தமாகிவிடாது. பக்கத்து வண்டியின் புகையையும் தின்னர் வாடையையும் அது இழுத்து எட்டு மடங்கு செறிவாக்கித்தான் கொடுக்கும், தண்ணீரையும் அப்படியே. ஐ.எஸ்.ஓ. 8573-1 தரத்தில் தூசி, தண்ணீர், எண்ணெய் என்று மூன்றுக்கும் தனித்தனி வகுப்பு உண்டு, 1.4.1 என்றால் தூசி வகுப்பு 1, தண்ணீர் வகுப்பு 4 அதாவது +3 டிகிரி, எண்ணெய் வகுப்பு 1 அதாவது 0.01 மில்லிகிராம். "கிளாஸ் ஜீரோ" என்பது எண்ணெயே இல்லை என்பதல்ல. வகுப்பு 1ஐ விடக் கடுமையான ஒரு அளவை நீங்களும் விற்பவரும் எழுத்தில் குறித்துக்கொள்வது.

ஒவ்வொரு ஃபில்டரும் அழுத்தத்தைக் கொஞ்சம் தின்னும். அழுக்கு ஏற ஏற அதிகம் தின்னும். அதை ஈடுகட்டக் கம்ப்ரஸரை ஒரு பார் ஏற்றி ஓட்டினால் மின்சாரம் 6, 7 சதவீதம் கூடும். எதற்கும் இருக்கட்டும் என்று வரிசையாக மூன்று ஃபில்டர் மாட்டுவது அந்த வகையில் தினசரி வாடகை. எலிமென்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். காற்றழுத்தக் குறைவைக் காட்டும் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கிழிந்த எலிமென்ட்டிலும் அழுத்தக் குறைவே இருக்காது என்பதால் மீட்டர் பச்சை காட்டுவதை முழுதாக நம்பவும் கூடாது. ஃபில்டரின் கிண்ணம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்காக இருந்தால் தின்னரும் சில சின்தெடிக் எண்ணெய்களும் அதை விரிசல்விட வைக்கும். பெயின்ட் அறைக்குள் உலோகக் கிண்ணம்தான்.

டிரெயின்

டேங்கிலும் ஃபில்டரிலும் சேரும் தண்ணீரை வடிக்க, தினமும் கையால் திறப்பவர் இருந்தால் கை வால்வே போதும். அப்படிப்பட்டவர் இருக்கிறார் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். டைமர் வைத்த ஸொலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு) மலிவு, ஆனால் தண்ணீர் இல்லாத நாளிலும் திறந்து காற்றை ஊதும். 3 மில்லிமீட்டர் ஓட்டை 7 பாரில் நிமிடத்துக்கு 600 லிட்டருக்கு மேல் விடும் என்பதை நினைத்துக்கொண்டு நேரத்தைக் குறுக்கி வையுங்கள். மிதவை வகை துருவில் சிக்கிக்கொள்ளும். நீர்மட்டத்தை உணர்ந்து திறக்கும் எலக்ட்ரானிக் டிரெயினுக்குக் கொடுக்கும் பணத்தை ட்ரையருக்கு அடுத்தபடியாக நியாயமானது என்பேன். வடிந்த தண்ணீரில் எண்ணெய் இருக்கும். அதைச் சாக்கடையில் விடாமல் எண்ணெய் பிரிக்கும் தொட்டியில் விட வேண்டும்.

கலவையான பட்டறைக்கு

பெரும்பாலான பட்டறைகள் ஒரே வேலை செய்வதில்லை. ஒரு மூலையில் கிரைண்டர், நடுவில் பிளாஸ்மா கட்டர், அடுத்த அறையில் பெயின்ட், ஓரத்தில் ஒரு சி.என்.சி. (கணினியால் இயங்கும் வெட்டு மெஷின்). இதில் மிகக் கறாரான ஒன்றுக்காக முழு லைனையும் உயர்த்துவதுதான் வழக்கமாக நடக்கும் செலவு. நான் செய்வது: மொத்தக் காற்றுக்கும் ஆஃப்டர்கூலரும் திருத்த எண்ணோடு அளவெடுத்த ஃப்ரிட்ஜ் ட்ரையரும். பிளாஸ்மாவுக்கு அதுவே போதும். ஈரம் பட்டால் எலக்ட்ரோடு சீக்கிரம் தேயும், +3 டிகிரியில் அந்தப் பிரச்சினை இல்லை. மணல் வீச்சுக்கும் போதும். சி.என்.சி. ஸ்பிண்டிலுக்கு ஊதும் காற்றுக்கு அதன் கையேட்டில் வகுப்பே எழுதியிருக்கும். கூடுதலாக ஒரு 0.01 மைக்ரான் அந்தக் கிளையில் மட்டும். பெயின்ட் அறைக் கிளையில் 0.01 மைக்ரானும் அதன் பின் கார்பனும். பூச்சில் மீன்கண் போலப் பள்ளம் விழுந்தால் காற்றைச் சந்தேகிக்கும் முன் அருகில் யாராவது சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தார்களா என்றும் பாருங்கள். லேசரோ அளவீட்டுக் கருவியோ −40 கேட்டால் அதன் வாயில் மட்டும் ஒரு சின்ன டெசிகன்ட்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் கூலரும் குழாய்ச் சாய்வும். அடுத்து ட்ரையர். நுண்ணிய ஃபில்டர்கள் அதற்குப் பிறகுதான்.

பெயின்ட் அடிப்பவர் முகமூடிக்குள் இதே லைனிலிருந்து காற்று கொடுப்பது மட்டும் இந்த ஒப்பீட்டில் சேராது. கோலசிங்கும் கார்பனும் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. சூடேறிய கம்ப்ரஸரின் கருகும் எண்ணெயிலிருந்தும், பக்கத்து எஞ்சினின் புகையிலிருந்தும் அது வரும், நிறமில்லை, வாடையில்லை. சுவாசக் காற்றுக்கென்று சான்று பெற்ற, கார்பன் மோனாக்சைடை மாற்றும் அடுக்கும் அலாரமும் உள்ள தனி அமைப்பு இல்லாமல் அந்த ஹோஸை முகத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.